புகழேந்திக்குக் கடிக்க ஒன்று

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருக்கிறாள் செண்பகம். பிறந்தது ஆலங்காயம், ரத்தினசாமியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவள். தைத்து வரும் ஷூவை வளைத்து, இழுத்து, முறுக்கி, எந்த இடத்தில் விட்டுப்போகும் என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. அந்தக் கை வெளியிலும் சும்மா இருக்காது. கடையில் பக்கெட் வாங்கினால்கூட கைப்பிடியை நன்றாக இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பாள்.

அவள் தேர்ந்தெடுத்த பொருளையெல்லாம் ஒருவன் தோற்கடித்துக்கொண்டே இருந்தான். கொழுந்தன் புகழேந்தி.

புகழேந்திக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. ஆட்டிசம் உள்ளவன். கெட்டி மீசை, அகலமான தோள். பேச்சு கம்மி, ஆனால் தனக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்பதில் சந்தேகமே கிடையாது. மிக்ஸி ஓடினாலோ, வீட்டுக்கு நாலு பேர் சேர்ந்தாற்போல் வந்தாலோ, அவன் பற்களுக்கு ஏதாவது வேண்டும். சட்டைக் காலர், பேனா மூடி, டி.வி. ரிமோட்டின் மூலை, எதுவானாலும் சரி. "வாய்லேர்ந்து எடுடா" என்று அவன் அம்மா பங்கஜம் சொல்வாள். எடுப்பான். அவள் திரும்பியதும் மறுபடி வைத்துக்கொள்வான்.

வாணியம்பாடியில் ஒரு கல்யாணத்தில், மேளச் சத்தம் தாங்காமல், சுவரில் செருகியிருந்த சார்ஜர் வயரைக் கடித்துவிட்டான். யார் செய்த புண்ணியமோ, சுவிட்ச் அணைந்திருந்தது. வயரை அவன் வாயிலிருந்து எடுத்த செண்பகம், முதல் வேலையாக சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள்.

அடுத்த வாரமே அவனை வேலூருக்குக் கூட்டிப் போனாள். அங்கே பார்த்த தெரபிஸ்ட் பெயர் கிறிஸ்டினா. அவர் முதலில் புகழேந்தியிடம்தான் பேசினார். செண்பகத்துக்கு அதிலேயே அவரைப் பிடித்துப்போயிற்று.

"கடிக்கிறது கெட்ட பழக்கம் இல்லீங்க. தாடைக்கு அழுத்தம் கெடைச்சா அவருக்கு மனசு அமைதியாகுது. நிறுத்தாதீங்க. கடிக்கிறதுக்குன்னே நல்லதா ஒண்ணு குடுங்க. பெரியவங்க பல்லுக்குத் தாங்கணும், பிஞ்சி தொண்டைக்குள்ள போவக் கூடாது."

"அது எங்க மேடம் கெடைக்கும்?"

"அதான் பேஜார். கொழந்தைங்களுக்கு எக்கச்சக்கமா இருக்கு. பெரியவங்களுக்குத் தேடித்தான் புடிக்கணும்."

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெடிக்கலில் பல் முளைக்கும் குழந்தைகள் கடிக்கும் வளையம் கேட்டாள்.

"எத்தினி மாசம்மா?" என்றார் கடைக்காரர்.

"முப்பத்திரெண்டு."

"முப்பத்திரெண்டு மாசமா?"

"வயசுங்க."

கடைக்காரர் அவளையும், பின்னால் நின்ற மீசைக்காரரையும் பார்த்துவிட்டு வளையத்தை எடுத்துக் கொடுத்தார். பஸ் பள்ளிகொண்டாவைத் தாண்டுவதற்குள் அது இரண்டு துண்டாகிவிட்டது.

ஆன்லைனில் வரவழைத்தது ரோஸ் கலர் நட்சத்திரம், கழுத்தில் தொங்கவிட ஒரு கயிறோடு. புகழேந்தி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு மரியாதையாக எடுத்துக்கொண்டு போய் அம்மா கழுத்தில் மாட்டிவிட்டான். பங்கஜம் அன்று சாயங்காலம் வரை அதோடுதான் கீரை ஆய்ந்தாள். "கடைசியா எனக்கு நகை போட்டவன் இவன்தான்" என்றாள்.

நாய்க்கு விற்கும் பொம்மை கெட்டியாக இருக்குமே என்றான் ரத்தினசாமி. நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். செண்பகம் பார்த்த பார்வையில் பைக்கைத் துடைக்கப் போய்விட்டான். கம்பெனியில் ஒருத்தி தோல் வாரைக் கொடுக்கச் சொன்னாள். ஊரெல்லாம் தோல்தான். ஆனால் அது என்னென்ன மருந்தில் ஊறி வருகிறது என்று செண்பகத்துக்குத் தெரியும். வாயில் வைக்கிற பொருளா அது?

கடைசியில் நிசார் அஹமது நினைவுக்கு வந்தார். அவள் கம்பெனிக்கு ஷூவின் ரப்பர் அடிப்பாகத்தை வார்த்துக் கொடுக்கும் பட்டறைக்காரர். பால் பண்ணை மெஷின்களுக்கு சிலிக்கோன் வாஷரும் தனியாகச் செய்கிறார்.

"உணவு படுற எடத்துல போடுற சிலிக்கோன் வேற, ஷூ ரப்பர் வேறம்மா. பால் வாஷர் சரக்குல பண்ணித் தரேன்" என்றார் நிசார். "இன்னா ஷேப்பு வேணும்?"

"அவனையே கேக்கலாம் பாய்."

ஞாயிற்றுக்கிழமை புகழேந்தியைக் கூட்டிப் போனாள். நிசார் வட்டம், குச்சி, கட்டை என்று மாதிரிகளை வரிசையாக வைத்திருந்தார். புகழேந்தி அவற்றைத் தாண்டி நேரே அலமாரிக்குப் போனான். அங்கே ஷூ அடிகள் அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்து, அதன் வரிக்கோடுகளில் கட்டை விரலை ஓட்டினான். முகம் மலர்ந்தது.

"இது."

"அது காலுக்குப் போடுறது தோஸ்த்!"

"இது" என்றான் புகழேந்தி, மறுபடியும்.

நிசார் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு புதிதாக ஒரு அச்சு வெட்டினார். விரல் நீளத்துக்குக் கறுப்பு சிலிக்கோன் கட்டை. இரண்டு பக்கமும் அதே வரிகள்.

பங்கஜம் ஒத்துக்கொள்ளவில்லை. "செருப்பை வாய்ல வெக்கிறதா? இன்னா செண்பகம் இது?"

"செருப்பு இல்ல அத்தை. கோடு மட்டும்தான் அதும்மாதிரி."

பங்கஜம் அதைக் கொதிநீரில் போட்டு எடுத்தாள், முகர்ந்தாள், யாரும் பார்க்காத நேரத்தில் தானும் ஒரு கடி கடித்துப் பார்த்தாள். அதன் பிறகு அவள் வாயிலிருந்து எதிர்ப்பு வரவில்லை.

முதல் கட்டை சில நாளில் ஓரமாகக் கிழிந்தது. செண்பகம் அதைக் கம்பெனியில் கழித்துப் போடும் ஷூவைப் போலவே தூக்கிக்கொண்டு போனாள். "கோடு ஆழம் ஜாஸ்தி பாய். அந்த எடத்துலதான் விடுது." நிசார் ஆழத்தைக் குறைத்தார், சரக்கைக் கெட்டியாக்கினார். அடுத்தது நின்றது. காலையில் கழுவும்போது செண்பகம் அதை இழுத்து, முறுக்கி, கீறல் தேடுவாள். மாதங்கள் போயின, கீறல் விழவில்லை. ஒரு காதுகுத்து விசேஷத்தில் புகழேந்தி கட்டையைக் கடித்தபடி கடைசி வரை உட்கார்ந்திருந்து, பந்தியில் இரண்டாம் தரம் பிரியாணி கேட்டு வாங்கினான். செண்பகம் தன் இலையிலிருந்த முட்டையையும் எடுத்து அவன் இலையில் வைத்தாள்.

கிறிஸ்டினா சொல்லி, குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் குடும்பத்திலிருந்து ஒரு அம்மா தன் மகள் தீபலட்சுமியோடு பட்டறைக்கு வந்தார். மகளுக்கு இருபத்திநாலு வயது. முந்தானையைக் கடித்துக் கடித்துக் கந்தலாக்கியிருந்தாள். அன்று புகழேந்தியும் அங்கே இருந்தான். புது ஆட்களைக் கண்டால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்பவன், நிசார் வேறு வேறு பதத்தில் செய்து தட்டில் வைத்திருந்த கட்டைகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தான். கொஞ்சம் மெத்தென்று இருந்த நீலத்தை எடுத்து, அவளைப் பார்க்காமலே நீட்டினான்.

தீபலட்சுமி வாங்கிக் கடித்தாள். இன்னொரு தரம் கடித்தாள். பிறகு சத்தமாகச் சிரித்தாள். அவள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"யாரும்மா இவரு, இங்க வேலை செய்றவரா?" என்று செண்பகத்தைக் கேட்டார்.

செண்பகம் வாய் திறப்பதற்குள் நிசார் முந்திக்கொண்டார். "எங்க டெஸ்டிங் சார்!"

சார் அதைக் காதில் வாங்கவில்லை. "அண்ணி, டீ" என்று சொல்லிவிட்டு வாசலை நோக்கி நடந்தார்.