வாசலில் ஒரு ரொட்டிச் சாக்கு

இங்கே ஆடுகள் ரொட்டி தின்கின்றன. கருவேலங்காய் பொறுக்கித் தின்னும் ஆடுகளையே பார்த்து வளர்ந்த எனக்கு, சவூதியின் தம்மாமுக்கு வீட்டுவேலைக்கு வந்த புதிதில் அது வேடிக்கையாக இருந்தது. மிஞ்சிய குபூஸ் ரொட்டியைக் காயவைத்து, சாக்கில் கட்டி, வாசலில் வைப்பது என் வேலை. சாயங்காலம் டிரைவர் வந்து, வடக்கே எல்லைச் சாலையில் இருக்கும் பெரியவரின் தோட்டத்து ஆடுகளுக்கு அதைக் கொண்டுபோவார். பெரியவர் எங்கள் முதலாளியின் அப்பா. சில நாட்களாக டிவியில் மறுபடியும் அமெரிக்காவும் இராக்கும்தான். குண்டு போடுவார்களா, பேசித் தீர்ப்பார்களா என்று வீட்டில் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் வாசலுக்குப் போய்ச் சாக்கைப் பார்க்கிறேன். அதை எடுத்துப் போயிருந்தால்தான் எனக்குச் சோறு இறங்குகிறது.

இது என் அம்மாவிடமிருந்து வந்த பழக்கம். நரிக்குடிப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் எண்பதுகளின் தொடக்கத்தில் கண்மாய்த் தண்ணீரில் தகராறு வந்தது. தாலுகா ஆபீசில் சமாதானக் கூட்டம் போட்டார்கள். எங்கள் அய்யாவும் போனார். இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்து, முறைவைத்துப் பாய்ச்சுவதென்று கையெழுத்துப் போட்டார்கள். அய்யா சந்தோஷமாகத் திரும்பி வந்தார். அம்மா முகம் மட்டும் மலரவில்லை. அன்று காலையில் பக்கத்து ஊர் ஆடுகள் கூட்டம் கூட்டமாகக் கிழக்கே போனதை அவள் பார்த்திருந்தாள். அவை உரத்துக்காக வயல்களில் கிடை கிடக்க வேண்டிய மாதம் அது.

“சமாதானம் பேசுறவுக ஆட்ட எதுக்கு அசலூருக்குப் பத்திவிடுறாக?”

“மேச்சலுக்குப் போகும். ஒனக்கு எதுலதான் சந்தேகமில்ல?”

“நீங்க அவுக வாயப் பாத்தீக. நான் ஆட்டப் பாத்தேன்.”

கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினால் அசிங்கம் என்று அய்யா வீட்டிலேயே இருந்துகொண்டார். அம்மா என்னையும் தம்பி அருளையும் கூட்டிக்கொண்டு பாளையம்பட்டி மாமா வீட்டுக்குப் புறப்பட்டாள். அருள் அப்போது பள்ளிக்கூடப் பையன். அய்யாவோடுதான் இருப்பேன் என்று அழுதவனைக் காதைத் திருகி பஸ்ஸில் ஏற்றினாள். மறுநாள் மத்தியானம் எங்கள் தெருவில் வைக்கோல் படப்புகள் எரிந்தன. வெட்டு வாங்கிய வலது கையை அய்யா சாகும்வரை தோளுக்கு மேலே தூக்கவில்லை. அந்த ஊர்க்காரர்கள் பொய்யாகப் பேசினார்கள் என்றும் நான் சொல்லமாட்டேன். பேச்சு பலித்தால் நல்லது, பலிக்காவிட்டால் ஆடாவது தப்பட்டும் என்று நினைத்திருப்பார்கள்.

குவைத்தை இராக் பிடித்த பிறகு வந்த ஜனவரியில், அருள் குவைத் எல்லையை ஒட்டிய காஃப்ஜியில் வெல்டிங் பட்டறையில் இருந்தான். அமெரிக்க மந்திரியும் இராக் மந்திரியும் ஜெனீவாவில் சந்திக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. “கலாம், கலாம்” என்று முதலாளியம்மா என் தோளைத் தட்டினார். பேச்சு நடக்கப் போகிறது, பயப்படாதே என்று அர்த்தம். அந்த வாரம்தான் ரொட்டிச் சாக்கு எடுக்க ஆளில்லாமல் வாசலிலேயே கிடந்தது. எனக்குத் தெரிந்த அரைகுறை அரபியில், ஆடு எங்கே என்று அவரிடம் கேட்டேன். கறிக்கு ஆசைப்படுகிறேன் என்று நினைத்து, மத்தியானம் ஒரு தொடைக்கறியை என் தட்டில் வைத்துச் சிரித்தார். பிறகு டிரைவர்தான் சொன்னார், ஆடுகளையெல்லாம் லாரியில் ஏற்றித் தெற்கே அனுப்பியாகிவிட்டது என்று.

வெள்ளிக்கிழமை அருள் போன் செய்தான்.

“ஏலே, பெரியவர் ஆட்டையெல்லாம் தெக்க அனுப்பிட்டாரு. நீ ஒடனே கெளம்பி வந்துரு.”

“அமெரிக்காக்காரன் என்ன செய்வான்னு ஒங்க ஆட்டுக்குத்தான் தெரியுமாக்கும்? பேசப் போறாகன்னு ரேடியோவுல சொல்லுறான்க்கா.”

“அய்யாவும் பேசிட்டுத்தான்டா வந்தாரு.”

“அப்படியே அம்மா மாதிரிப் பேசுற. என் பாஸ்போட்டு மொதலாளிட்ட இருக்கு. ரெண்டு வாரம் பொறுன்னு சொல்லியிருக்காரு. காதத் திருகணும்னா இங்க வந்து திருகு, பாப்போம்.”

ஜெனீவாவில் பேசினார்கள், எழுந்து போனார்கள். சில நாளில் சண்டை தொடங்கியது. காஃப்ஜியில் முதல் நாளே குண்டு விழுந்தது. அருளின் பட்டறை வாசலில் ஒன்று. கூட வேலை செய்தவர்கள் அவனைத் தூக்கி லாரியில் போட்டு தம்மாம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். காயம் ஆறியது. இரண்டு காதும் கேட்காமல் போய்விட்டன.

அமெரிக்க அரசாங்கம் பேசத்தான் நினைத்ததா, அடிக்கத்தான் நினைத்ததா என்று படித்தவர்கள் இன்னமும் வாதாடுகிறார்கள். அதைத் தீர்த்துச் சொல்லும் அறிவு எனக்கு இல்லை. ஆடுகளுக்கு லாரி வந்தது என்பது மட்டும் தெரியும். என் தம்பியிடம், பொறு என்றார்கள். சண்டை முடிந்ததும் ஆடுகள் பத்திரமாகத் தோட்டத்துக்குத் திரும்பின.

அருள் இப்போது பாளையம்பட்டியில் மனைவி ஸ்டெல்லாவோடு இருக்கிறான். அங்கே அவன் வீட்டிலும் என் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டுமென்று நான் இங்கேயே இருக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் அங்குள்ள டெலிபோன் பூத்துக்குப் போன் போடுவேன். அருள் பழக்கதோஷத்தில் ரிசீவரைக் காதில்தான் வைத்துக்கொள்வான். தான் பேச வேண்டியதைப் பேசி முடித்து, ஸ்டெல்லாவிடம் கொடுப்பான்.

இந்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். “அக்கா, பேப்பர்ல பாத்தேன். அங்க திரும்பச் சண்டைங்கிறான். ஆட்டப் பாத்தியா?”

நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சாக்கு கட்டியபடி வாசலில் கிடந்தது. வெயில் இறங்கியும் டிரைவர் வரவில்லை.

“நிக்குதுடா. எல்லாம் அங்கனயேதான் நிக்குது” என்றேன்.

“ஆட்டப் பாத்தியாக்கா?” என்று மறுபடியும் கேட்டான். “எதுவும் சரியில்லன்னா கெளம்பி வந்துரு. காதத் திருகி இழுத்துட்டு வர அங்க ஒனக்கு ஆளில்ல.”

அவனுக்குப் பின்னால் நரிக்குடி பஸ் நீளமாக ஹாரன் அடித்தது. பக்கத்தில் நின்ற அவனுக்கு அது கேட்டிருக்காது. தம்மாமில் இருந்த எனக்குக் கேட்டது.