ஜோடியாகப் பிடிபட்ட குளவிகள்

அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில் அவளை ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வாய்த்துடுக்குக்காக வைத்த பெயர் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். அதுவும் முழுப் பொய்யில்லை. ஆனால் இருபத்தோரு வருஷமாக அவள் பிழைப்பு ஊசியில்தான். தேனீயையும் குளவியையும் ஊசியில் குத்தி, காலை விரித்து, சிறகை நிமிர்த்தி, அடியில் நகத்தளவு சீட்டு மாட்டுவாள்.

அந்தப் பூச்சிகளைப் பிடித்துக்கொண்டு வந்தவர் அவள் கணவர். வலையும் கையுமாகத் தீவு தீவாக அலைந்த மனுஷன். வீட்டில் ஒரு பல்பு மாற்றச் சொன்னால் மூன்று நாள் ஆகும். மரப்பொந்துக் குளவிக்காக மூன்று நாள் மழையில் நிற்பார். கடைசிப் பயணத்தில் தீவிலேயே காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தார். அவருக்குப் பின்னால் வந்து சேர்ந்தன பன்னிரண்டு சாராய பாட்டில்கள், உள்ளே பூச்சிகளோடு.

பதினொன்றை அவள் திறந்தாள். அதில் ஒன்றில் சிறகே இல்லாத, எறும்பு போன்ற ஒரு பெண் குளவி இருந்தது. பூச்சிகளுக்குப் பெயர் வைக்கும் விஞ்ஞானியை அங்கே டாக்டர் என்பார்கள். தலைவலிக்கு மாத்திரை கேட்டால் முறைப்பார். அவர் அதைப் புது இனம் என்று எழுதி, இறந்தவரின் பெயரையே அதற்கு வைத்தார். அச்சான அந்தப் பக்கத்தை மகள் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினாள். வீட்டுக்கு வருகிறவர்கள் தண்ணீர் குடிப்பதற்கு முன்னால் அதைப் பார்த்தாக வேண்டும்.

பன்னிரண்டாவது பாட்டிலைத் திறக்க ஊசியக்காவுக்கு மனசு வரவில்லை. திறந்தால் அவர் அனுப்பியது தீர்ந்துவிடும். நாலு வருஷம் அலமாரியில் பின்னால் தள்ளித் தள்ளி வைத்தாள். சாராயம் வற்றிப் பாதியானபோது, பூச்சி கெட்டுப்போகுமே என்ற பயத்தில் ஒருநாள் காலையில் திறந்தாள்.

உள்ளே இரண்டு குளவிகள், ஒன்றோடொன்று சேர்ந்தபடியே கிடந்தன. ஒன்று கணவர் பெயர் கொண்ட சிறகில்லாதது. அதைச் சுமந்தபடி இருந்தது சிறகுள்ள ஆண். அந்த ஆணை அவளுக்கு நன்றாகத் தெரியும். பத்து வருஷத்துக்கு முன்னாலேயே வேறொருவர் வேறு பெயர் வைத்த இனம். இணை சேர்ந்தபடி பிடிபட்டால் இரண்டும் ஒரே இனம் என்றுதான் அர்த்தம். பெண்ணும் ஆணும் உருவத்தில் இப்படி ஏணி வைத்தாலும் எட்டாத தூரத்தில் இருந்தால், ஒரே இனத்தை இரண்டு என்று எழுதிவிடுவது இந்தத் துறையில் சகஜமாக நடக்கிற தப்பு. அப்படி நடந்தால் முதலில் வைத்த பெயர்தான் நிற்கும். பிந்தியது செத்த பெயர்.

இடுக்கியால் லேசாக ஒரு இழு இழுத்தால் இரண்டும் பிரிந்துவிடும். ஒரு பயலுக்கும் தெரியாது. இடுக்கியைக் கையில் எடுக்கவும் செய்தாள். அப்போதுதான் பாட்டிலின் அடியில் கிடந்த சீட்டு கண்ணில் பட்டது. சாராயத்தில் மை கரையும் என்பதால் பென்சிலில் எழுதிய சீட்டு, அவருடைய கோணல் எழுத்து: "பறக்கும்போது ஜோடியாகப் பிடித்தது. பிரிக்க வேண்டாம்."

அவள் அழுதாள். அழுது முடித்து, பாட்டிலை டாக்டர் மேஜையில் கொண்டுபோய் வைத்தாள்.

லென்ஸில் பார்த்த டாக்டருக்கு முகம் செத்துப்போனது. "ஊசி, இத நான் பாக்கலன்னு வெச்சுக்கலாம். தப்பு என்னோடது. இன்னும் பத்து வருஷம் யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க."

"அவரு கண்டுபிடிச்சிட்டாரே டாக்டர்," என்றாள். "பிரிக்காதன்னு எழுதியிருக்காரு. அவரு எழுதினத நான் எப்படிக் கிழிச்சுப் போடுவேன்?"

"அவர் பேர்தான் போகுது."

"தெரியும். எழுதுங்க."

சாயங்காலம் மகளிடம் சொன்னாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த மகள் கையை உதறினாள். "அப்போ அப்பா பேரு?"

"இனிமே இல்லம்மா. பழைய பேருதான் செல்லும்."

மகள் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டிய பக்கத்தைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தாள்.

"நாலு வருஷம் தொறக்காமத்தானேம்மா வெச்சிருந்த? அப்படியே இருந்திருக்கக் கூடாதா?"

காலையிலிருந்து ஊசியக்காவும் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான்.