அப்பா ‘இல்லை’ என்று எழுதிய விண்ணப்பம்

பூச்சி உருண்டை வாசனை ஏறிய இரண்டு தாள்கள் என் முன்னால் இருக்கின்றன. இரண்டும் கள்ளக்குறிச்சியில் நான் தங்கிப் படித்த பெண்கள் விடுதியின் சேர்க்கை விண்ணப்பங்கள். இரண்டிலும் ஒரே நாளின் முத்திரை. மாதம் ஜூன் என்பது தெளிவு. நாள்தான் மை பரவி எட்டா ஒன்பதா என்று தெரியவில்லை. அன்று திங்கட்கிழமை என்பது நினைவிருப்பதால் எட்டு என்றே கொண்டிருக்கிறேன். முதல் தாளின் குறுக்கே சிவப்பு மையில், ‘இறப்புச் சான்று எங்கே?’ என்று எழுதியிருக்கிறது. யாருடைய இறப்பு என்றால், அன்று உயிரோடும் நல்ல பசியோடும் தர்மபுரிப் பக்கத்தில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த என் அப்பாவுடையது.

எங்கள் ஊர் கச்சிராயபாளையம். ஒரு பக்கம் கல்வராயன் மலை, மறுபக்கம் கோமுகி அணைத் தண்ணீர் பாயும் கரும்பு. உள்ளூரில் வெட்டு முடிந்ததும் அப்பா வெளியூருக்குப் போவார். கரும்பு வேலைக்கு ‘ஜோடி’ வேண்டும்: ஒருவர் வெட்ட, ஒருவர் சோகை என்கிற காய்ந்த தோகையைக் கழித்துக் கட்டுக் கட்ட வேண்டும். அந்த ஆண்டு அப்பாவின் ஜோடி காய்ச்சலில் படுத்துவிட, அம்மாவை உடனே அனுப்பச் சொல்லி மேஸ்திரி ஆள் விட்டார். அம்மா போனால் வீட்டில் நான் தனி. விடுதியில் இடம் கிடைத்தால் ஒன்பதாம் வகுப்பு, கிடைக்காவிட்டால் நானும் அவர்களோடு கரும்புக் காட்டுக்கு. விடுதியிலோ வெளியூர் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கியதில் ஒரே ஓர் இடம்தான் மீதி இருந்தது.

விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் குடும்பத்தைப் பற்றி ஆங்கிலத்தில் நான்கு வரி, மாணவி தன் கையாலேயே எழுத வேண்டும். எனக்குப் பயமே இல்லை. எங்கள் வகுப்பில் எல்லோரும் நம்பியிருந்த சூத்திரம் ஒன்று என்னிடம் இருந்தது: ‘கினு வந்தா இங்கு.’ போய்க்கினு இருக்கான் என்றால் ‘கோயிங்’, தின்னுக்கினு இருக்கான் என்றால் ‘ஈட்டிங்’. ‘கொண்டு’தான் எங்கள் பேச்சில் ‘கினு’; அது வராத வாக்கியம் அபூர்வம் என்பதால் எங்கள் ஆங்கிலத்திலும் ‘இங்’ வராத வாக்கியம் அபூர்வம். அப்பா இப்போது ஊரில் இருந்துகினு இல்லை, கரும்பு வெட்டிக்கினு இருக்கிறார் என்று மனத்துக்குள் சொல்லிப் பார்த்து, அழகான கையெழுத்தில் எழுதினேன்: ‘மை ஃபாதர் இஸ் நாட் லிவிங். ஹி இஸ் கட்டிங் சுகர்கேன்.’

முதல் வாக்கியத்துக்கு ஆங்கிலத்தில் ஒரே பொருள்தான்: அப்பா உயிரோடு இல்லை.

விடுதியின் வார்டன் அம்மா தாளை வாங்கி முத்திரை குத்தி, படித்துவிட்டுச் சிவப்பு மையில் குறுக்கே எழுதி, குரலைத் தாழ்த்தி, “இன்னாம்மா, வூட்டுக்காரரு தவறி எவ்ளோ நாளாச்சு?” என்று கேட்டார்.

அம்மாவின் கை தாலிக்குப் போனது. “மாதாவே! இன்னா மேடம், வாயில நல்ல வார்த்தை வராதாங்க? காலைல கூட போன்ல பேசினாருங்க.”

“அப்ப உம் பொண்ணு இல்லன்னு எழுதிக்கீதே?”

“இல்லதாங்க. ஊர்ல இல்ல.”

ஏற்கெனவே இடம் கிடைத்து, டிரங்குப் பெட்டியோடு வாசலில் நின்றிருந்த வெள்ளிமலைப் பெண் ஒருத்தி தலையை நீட்டித் தாளைப் பார்த்தாள். பெயர் பொன்னி என்பது பிறகு தெரிந்தது. “ஏய், செத்தப்புறமும் உங்கப்பாவ வேலைக்கு அனுப்பிக்கினு கீறியா?” என்றாள். வராந்தாவே சிரித்தது. வார்டன் சிரிக்கவில்லை. அப்பா இல்லாத பிள்ளை என்று பொய் சொல்லி இடம் வாங்கியவர்களை அவர் பார்த்திருக்கிறார்.

“தெரிஞ்சே எழுதினியா?”

“இல்ல மேடம், கினு வந்தா இங்கு...” என்று தொடங்கி அழுதுவிட்டேன்.

அவர் புதிய படிவம் ஒன்றை நீட்டினார். “ஒரு மணிக்கு ரிஜிஸ்டர் மூடிடுவேன். அதுக்குள்ள நீயே எழுதிக் குடு. ஒரு எழுத்துகூட நான் சொல்லித் தர மாட்டேன்.”

வராந்தாவில் உட்கார்ந்து வெற்றுத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே, இன்னும் நம்பிக்கை வராத வார்டன், அம்மாவைக் குடைந்துகொண்டிருந்தார்.

“வூட்டுக்காரருக்கு இன்னா தொழிலு?”

“கரும்பு வெட்டுவாருங்க.”

“இப்ப எங்க?”

“தர்மபுரிப் பக்கம் போயிருக்காருங்க.”

“அங்க இன்னா பண்றாரு?”

“இன்னா பண்ணுவாரு? வெட்டிக்கினுதான் இருக்காரு.”

“அப்ப வூட்ல யார் யாரு?”

“நானு, இவ, அவரு.”

“அவருதான் இல்லன்னியே?”

“இன்னிக்கு இல்லீங்க. அதுக்காவ வூடு இல்லாமப் பூடுமா? எங்க போனாலும் இங்கதான வந்தாவணும்?”

ஒரே மனிதர், ஒரே நாள், ஆனால் அம்மா ஒவ்வொரு கேள்விக்கும் வேறு வினைச்சொல் வைத்திருந்தாள். ‘கினு’ ஒரே ஓர் இடத்தில்தான் வந்தது. ‘வெட்டுவாரு’ என்பதைத் தமிழ் இலக்கணம் எதிர்காலம் என்று சொல்லும். அம்மாவோ நாளையைப் பற்றிப் பேசவில்லை. வருஷா வருஷம் அவர் செய்வதைச் சொன்னாள். நமக்கு எதிர்காலத்தில் கிடக்கும் அந்த வழக்கத்தை ஆங்கிலம் சாதாரண நிகழ்காலத்தில் வைக்கிறது. சூரியன் கிழக்கில் உதிக்கிறது என்ற எடுத்துக்காட்டை நூறு முறை படித்தும் பிடிபடாத இது, அம்மா ‘வெட்டுவாருங்க’ என்றபோது பிடிபட்டது. ‘போயிருக்காரு’ என்றால் போனதும் உண்மை, இன்னும் திரும்பாததும் உண்மை; அதற்கு ‘ஹாஸ்’ வேண்டும். கடைசிப் பதில்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது. ஒருவர் இன்று வீட்டில் இல்லாமலேயே அந்த வீட்டில் வசிக்கலாம்.

எழுதினேன்: ‘மை ஃபாதர் கட்ஸ் சுகர்கேன். ஹி ஹாஸ் கான் டு தர்மபுரி. ஹி இஸ் கட்டிங் கேன் தேர் நவ். ஹி லிவ்ஸ் வித் அஸ்.’

வார்டன் பேனாவோடு குனிந்து வெகுநேரம் படித்தார். நான்காவது வரியில் விரல் வைத்து, “லிவ்ஸா? அவரு இல்லையே?” என்றார்.

“இன்னிக்குத்தான் இல்ல மேடம்.”

முத்திரை விழுந்தது. கழிக்கப்பட்ட முதல் தாளை அம்மா கேட்டு வாங்கி, ரேஷன் கார்டு உறைக்குள் வைத்துக்கொண்டாள். “செத்தாருன்னு எழுதினதும் நீதான், பொழைக்க வெச்சதும் நீதான். அவரு பாக்கட்டும்” என்றாள். அன்று மாலையே அவள் தர்மபுரி பஸ் ஏறினாள்; நான் பொன்னியின் பக்கத்தில் பாய் விரித்தேன்.

இப்போது கைவிண்ணப்பம் கிடையாது. கைப்பேசியில் ‘தந்தை உயிருடன் உள்ளாரா’ என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். தப்பு எழுத வரி இல்லை. வெட்டுக்கு இயந்திரம் வந்துவிட்டது. என் மகளின் பேச்சில் ‘கினு’வே இல்லை, அவளுடைய ஆங்கிலம் என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது, அதில் எனக்குச் சந்தோஷம்தான். அப்பா எங்களோடு வசிக்கிறார். இந்த வரியை எழுதும்போது நிஜமாகவே வீட்டில் இருக்கிறார். பொன்னி போன் செய்தால் இன்றும் முதல் கேள்வி, “உங்கப்பா வெட்டிக்கினு கீறாரா?” என்பதுதான்.

இரண்டாம் தாள், பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வந்தபோது விடுதிக் கோப்போடு கைக்கு வந்தது. போன வாரம் அதை உருப்பெருக்கியில் பார்த்தேன். நான் எழுதியது நீல மை. முதல் வரியில் ‘கட்’டுக்குப் பின்னால் இருக்கும் ‘எஸ்’ மட்டும் கறுப்பு. கீழே வார்டன் அம்மாவின் கையெழுத்தும் கறுப்பு. ஒரு எழுத்துகூடச் சொல்லித் தர மாட்டேன் என்றவர், சொல்லித் தரவில்லைதான்.

அவரிடமே கேட்கலாம் என்று விசாரித்தேன். ஓய்வுபெற்று உளுந்தூர்பேட்டைக்குப் போனார் என்றார் ஒருவர். “அவங்க இப்ப இல்லையே” என்றார் இன்னொருவர். எந்த ‘இல்லை’ என்று கேட்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. வருகிற சனிக்கிழமை நேரில் போய்ப் பார்க்கப்போகிறேன். அதுவரை என் குறிப்பேட்டில், அவர் உளுந்தூர்பேட்டையில் வசிக்கிறார் என்றே எழுதி, பக்கத்தில் பென்சிலால் குறித்திருக்கிறேன்: சரிபார்க்கவில்லை.