குங்குமம் வைக்காத பெட்டி

திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி போகும் சாலையில் எங்கள் பட்டறை இருக்கிறது. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்வதுதான் பிழைப்பு. ஊரில் பாதிப் பேருக்கு அதுதான் பிழைப்பு. பாகங்களைக் கம்ப்யூட்டரில் வரைவது நான். பட்டறைக்கு வருகிறவர்கள் வாசலிலேயே, "வரையறவர் இருக்காருங்களா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி காதில் விழுந்தால் போதும், தின்ற சோறு செரித்துவிடும் எனக்கு.

என் மனைவியும் மெக்கானிக்கல் படித்தவள். கல்யாணத்துக்கு முன் சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு டிசைன் ஆபீஸில் வேலை பார்த்தாள். இங்கே வந்தபிறகு பில் போட்டாள், போன் எடுத்தாள், பேங்குக்குப் போய் வந்தாள். அவளுக்கு வரையத் தெரியும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தது அதன் பாட்டுக்கு இருக்கட்டும் என்று விட்டிருந்தேன்.

அப்போதுதான் பெங்களூரிலிருந்து ஒரு இளைஞர் வந்தார். தமிழ்க்காரர்தான். கையில் நாலு சக்கரம் வைத்த பலகை ஒன்று. மின்சார ஸ்கேட்போர்டாம். ஏறி நின்று ரிமோட்டை அழுத்தினால் ஓடுகிறது. பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு எவ்வளவு கரண்ட் போகவேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் கன்ட்ரோலர் பலகைக்கு அடியில் தொங்குகிறது. அதற்கு அலுமினியக் கட்டியைக் குடைந்து ஒரு பெட்டி வேண்டும். தூசி, தண்ணீர் உள்ளே போகக்கூடாது, கல் பட்டால் தாங்கவேண்டும், உள்ளே கிளம்பும் சூட்டைப் பெட்டியே வெளியே கடத்தவேண்டும்.

நான் தலையை ஆட்டி முடிக்கவில்லை, பில் மேஜையிலிருந்து குரல் வந்தது.

"ஏனுங்க, நானும் ஒண்ணு வரஞ்சு பாக்கட்டுங்களா?"

வந்தவர் முன்னால் என்ன சொல்ல முடியும்? அவரோ குஷியாகிவிட்டார். "ரெண்டையும் செஞ்சு அனுப்புங்க. எது நல்லா இருக்கோ அதை எடுத்துக்கறோம். அதை வரைஞ்சவங்களே இனிமே வர்ற எல்லா மாடலையும் வரையட்டும்" என்றார். நான் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று என் கடைவாய்ப் பல்லைத்தான் கேட்கவேண்டும்.

அவர் பலகையை எங்களிடம் விட்டுப் போயிருந்தார். பக்கத்து ஜவ்வரிசி ஆலையின் காயப்போடும் களம் அப்போது காலியாகக் கிடந்தது. சிமெண்டுத் தரை, வழவழவென்று இருக்கும். இவள் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு வெறுங்காலோடு பலகைமேல் ஏறிவிட்டாள். ஆபரேட்டர்கள் மெஷினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். "அக்கா, பாத்துங்க்கா!" என்று ஒரே கூச்சல். விழுந்தாள். எழுந்தாள். அப்புறம் களத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். இறங்கியதும் பலகையைக் கவிழ்த்து, கன்ட்ரோலர் மூடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் மட்டும் சுடுதுங்க. கீறலெல்லாம் முன் விளிம்புலதான் இருக்குது. நீங்களும் ஒருக்கா ஏறிப் பாருங்களே."

"எனக்கு வேலை கெடக்குது."

ஒரு வேலையும் இல்லை. விழுந்தால் களமே சிரிக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், இவள் வந்து கை கொடுத்துத் தூக்கிவிடுவாள் பாருங்கள், அதைப் பொறுக்கமாட்டேன்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தே வரைந்தேன். ரிக் வண்டி என்ன குலுக்குக் குலுக்கும் என்று எனக்குத் தெரியாததா? சுவர் தடிமன், அடிப்பகுதி அதைவிடத் தடிமன், தண்ணீர் புகாமல் ரப்பர் வளையத்துக்கு ஆழமான பள்ளம். பெட்டி நிச்சயம் உடையாது. கையில் எடுத்தால்தான் குழவிக்கல் கனம் கனத்தது.

அவள் பேங்குக்குப் போயிருந்தபோது அவளுடைய டிராயிங்கைத் திறந்தேன். உள் மூலைகளைத்தான் முதலில் பார்த்தேன். புதிதாக வரைகிறவர்கள் உள் மூலையைக் கூராக வரைந்துவிடுவார்கள். வெட்டும் டூல் உருண்டை, அது எப்படிக் கூரான மூலையை வெட்டும்? அந்தத் தப்பு ஒன்று இருந்தால் போதும் எனக்கு. திருப்பித் திருப்பித் தேடினேன். எல்லா மூலையும் டூலுக்குத் தகுந்த வளைவோடு இருந்தது. சூடு கிளம்பும் இடத்தில் மட்டும் தடிமன், மற்ற இடமெல்லாம் மெல்லிசு. காற்று அடிக்கும் திசையிலேயே வரிவரியாகத் தகடுகள். கல் பட்டால் வழுக்கிப் போக முன் விளிம்பில் சரிவு. வயிறு திகுதிகுவென்று எரிந்தது. திறந்த சுவடு தெரியாமல் மூடி வைத்தேன்.

இரண்டு பெட்டிகளையும் மெஷினில் குடைந்து எடுத்த ஆபரேட்டர், அவள் பெட்டியைக் கீழே வைக்க மனசில்லாமல் தடவிக்கொண்டே இருந்தார்.

"மெஷின் ஒரு சத்தம் போடலீங்கண்ணா. அக்கா பொட்டி சும்மா வழுக்கிட்டுப் போச்சு."

"எம்பொட்டி?"

"அதுக்கென்னங்கண்ணா, அதுவும் நல்லாத்தான் இருக்குது."

அட போய்யா என்று மனசுக்குள் வைதேன்.

எங்கள் பட்டறையில் ஒரு பழக்கம். எந்தப் புதுச் சாமானாக இருந்தாலும், மெஷினிலிருந்து இறங்கும் முதல் பீஸுக்குத் தண்ணீரில் குழைத்த குங்குமத்தால் பொட்டு வைத்து, மறுநாள் காலைவரை சாமி படத்துக்கு முன்னால் வைத்திருப்போம். வைப்பது எப்போதும் நான்தான். அன்று சாயங்காலம் இரண்டு பெட்டிகள் இருந்தன. என் பெட்டி மூடியில் மூன்று பொட்டு வைத்தேன். நன்றாகக் குழைத்து, தடியாகவே வைத்தேன். பிறகு மறுபடியும் குங்குமத்தில் விரலைத் தோய்த்தேன். தோய்த்த விரலைத் துணியில் துடைத்துக்கொண்டேன். ஒரு சாமானுக்கு ஒரு முதல் பீஸ்தானே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். கற்பூரத் தட்டோடு பக்கத்தில் நின்றவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

மறுநாள் இரண்டும் கறுப்புப் பூச்சு ஏற்ற, அனோடைசிங் செய்யக் கோயமுத்தூர் போயின. திரும்பி வந்த பார்சலைப் பிரித்தேன். அவளுடையது சுத்தக் கறுப்பு. என் பெட்டியின் மூடியில் தேமல் படர்ந்தமாதிரி மூன்று சாம்பல் திட்டுகள். கோயமுத்தூருக்குப் போன் போட்டுக் கத்தினேன். அந்த ஆள் நிதானமாகக் கேட்டார்: "குங்குமம் வெச்சீங்களா? அதுல சுண்ணாம்பு இருக்குதுங்களே. அலுமினியத்த அரிச்சுப்போடும்."

இரும்புக்கே வைத்துப் பழகிய கை. இரும்பில் வைத்தால் துடைத்துவிட்டு மேலே பெயிண்ட் அடித்துவிடுவோம், ஒன்றும் தெரியாது. இன்னொன்று குடைய நேரமில்லை, அப்படியே அனுப்பினோம்.

பெங்களூர்க்காரர் கூப்பிட்டார். அவளுடைய பெட்டியைத்தான் எடுத்துக்கொண்டார்கள். "கறையாலங்களா?" என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம் அந்த மனுஷன். "கறையெல்லாம் ஒரு விஷயமில்லைங்க. உங்களுது ரொம்பக் கனம். போனை வரைஞ்சவங்ககிட்ட குடுங்க" என்றார். குங்குமத்தின்மேல் பழிபோடக்கூட வழியில்லாமல் போனை நீட்டினேன்.

மத்தியானம் சாப்பிடும்போது கேட்டுவிட்டேன். "குங்குமம் அலுமினியத்த அரிக்கும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க. நம்ம ஊட்டுச் சாமி ரூம்புல இருந்த அலுமினியத் தட்டு வேற எப்படிக் கெட்டுச்சுன்னு நெனச்சீங்க?"

"அப்பறம் ஏன் சொல்லல?"

அவள் தயிர்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "எம்பொட்டிக்கும் வெப்பீங்கன்னுதான் நின்னுட்டு இருந்தனுங்க. வெச்சதும் ரெண்டையும் தொடச்சுப்போடலாம்னு. நீங்க வெக்கல." ஊறுகாயைத் தொட்டுக்கொண்டே சொன்னாள்: "எனக்கும் ஆத்திரமுங்க. உங்க பொட்டி கெட்டாக் கெடட்டும்னு உட்டுட்டேன்."

அடிப்பாவி! கோபம் வரவேண்டியது, சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வயிறு எரிந்திருக்கிறது. அந்த வாரத்தில் நான் கேட்ட ஒரே நல்ல சேதி அதுதான்.

ஆர்டரின் முதல் பெட்டி இறங்கியதும் அதைக் கொண்டுவந்து என்முன் வைத்தாள். குங்குமமும் குழைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

"வெய்யுங்க."

"கறை படியும்."

"படியட்டுமுங்க. இது அனுப்பறதுக்கில்ல, நமக்கு."

ஒரே ஒரு பொட்டு வைத்தேன். காலைவரை அப்படியே இருந்தது. அதுவும் கோயமுத்தூர் போய், கறுப்பில் ஒரு சாம்பல் பொட்டோடு வந்தது. இப்போது பட்டறைக் கண்ணாடி அலமாரியில் பெங்களூரிலிருந்து திரும்பி வந்த என் பெட்டியும் அவள் பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. வருகிறவர்கள், "வரையற அக்கா இருக்காங்களா?" என்று கேட்கிறார்கள். இருக்கிறாள் என்று கையைக் காட்டுகிறேன். அவர்கள் காத்திருக்கும் நேரத்தில் அலமாரியைப் பார்க்கிறார்கள். என் பெட்டியைக் காட்டி, "ஐயோ, இதென்னங்க கறை?" என்கிறார்கள். அவளுடையதைக் காட்டி, "இந்தப் பொட்டு டிசைன் நல்லாருக்குதுங்களே" என்கிறார்கள். இரண்டும் ஒரே குங்குமம், என் ஒரே விரல்.