மாலையைத் திருப்பிப் போட்ட வெள்ளைக்காரர்

மூன்று வருடங்களுக்கு முன், புரட்டாசி மாதம், குறுவை அறுப்பு முடிந்த கையோடு, கூத்தாநல்லூருக்குப் பக்கத்திலுள்ள எங்கள் கிராமத்தில் நடந்தது இது. கூலித் தகராறில் பண்ணைக்கும் எங்கள் தெருவுக்கும் பேச்சுவார்த்தை முறிந்திருந்தது. வரப்பில் எதிரெதிரே வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நேரம். அப்போதுதான் விவசாயக் கூலிகளின் நிலைமையை ஆராய்ச்சி செய்ய ஒரு வெள்ளைக்கார இளைஞர் வந்து சேர்ந்தார்.

நான் பி.ஏ. முடித்துவிட்டு வேலை இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தேன். தெருவின் முதல் பட்டதாரி என்ற மிதப்பு வேறு. அவருக்கு வழிகாட்டி, ஊர்ப் பழக்கவழக்கம் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் எல்லாம் நானே. பெண்களிடம் கை குலுக்கக் கூடாது, கும்பிட வேண்டும். எதையும் வலது கையால் கொடுக்க வேண்டும். பெண்கள் குளிக்கிற படித்துறைப் பக்கம் தலைகாட்டக் கூடாது. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வார். தமிழைப் புத்தகத்தில் படித்தவர், புத்தகம் மாதிரியே பேசுவார்.

ஒருநாள் வாய்க்கால் மதகில் உட்கார்ந்திருந்தோம். அவர் ஊரில் ஒரு பெண்ணைப் பிடித்துப்போனால், காப்பி சாப்பிட வருகிறாயா என்று அவளிடமே கேட்பார்களாம். நாலு இடம் சேர்ந்து போவார்களாம். ஒத்துவந்தால் கல்யாணம், இல்லாவிட்டால் சிரித்துக்கொண்டே பிரிந்துவிடுவார்களாம்.

"இங்கே எவ்வாறு?" என்று கேட்டார்.

"இங்க காப்பியெல்லாம் பொண்ணு பாக்கப் போறப்பத்தான். பொண்ணு கொண்டாந்து வச்சிட்டு உள்ள போயிடும்."

"பிறகு அந்தப் பெண் என்ன சொல்வாள்?"

"அவங்க அப்பா சொல்லுவாரு."

அதை மட்டும் அவர் எழுதிக்கொள்ளவில்லை.

அந்த மாதம் எங்கள் தெருவில் ஒரு படிப்பகம் திறந்தோம். கீற்றுக் கொட்டகைதான், ஆனாலும் பந்தல், மைக் செட் என்று அமர்க்களம். வெள்ளைக்காரர்தான் சிறப்பு விருந்தினர். தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய ஒரே பெண் அவருக்கு மாலை போட வேண்டும் என்று முடிவு செய்தேன். அவளுக்கு அத்தை மகனோடு பேச்சு முடிந்து, தையில் கல்யாணம். "வயசுப் பொண்ணு எதுக்குப்பா, பெரியவங்க யாராச்சும் போடட்டுமே" என்று பெண்கள் சொன்னார்கள். நான் விடுவேனா? ஆணும் பெண்ணும் சமம் என்று அரைமணி நேரம் பிரசங்கம் செய்துவிட்டு, நேரே அவள் அப்பாவிடம் போய் அனுமதி கேட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டார்.

வெள்ளைக்காரருக்கும் பாடம் நடத்தினேன். மாலை விழுந்ததும் அதைக் கழற்றி, போட்டவர் கழுத்திலேயே திருப்பிப் போடுவது பெரிய மரியாதை என்றேன். பொதுக்கூட்டங்களில் தலைவர்கள் அப்படிச் செய்வதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அங்கே போட்டவர், வாங்கியவர் எல்லாருமே ஆண்கள் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

விழாவில் அவள் மாலை போட்டாள். கைதட்டினார்கள். அவர் பவ்யமாக மாலையைக் கழற்றி, அவள் கழுத்தில் போட்டுவிட்டுக் கும்பிட்டார்.

கைதட்டல் அப்படியே நின்றது. ஐயர் வேண்டாம், நாலு பேர் முன்னால் மாலை மாற்றிக்கொண்டாலே கல்யாணம் செல்லும் என்று சட்டம் வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. எங்கள் தெருவிலேயே இதே மாதிரிப் பந்தலில், இதே மைக் செட்டில் இரண்டு சுயமரியாதைக் கல்யாணங்கள் நடந்திருந்தன.

வேடிக்கை பார்க்க வந்து ஓரமாக நின்ற பண்ணை ஏஜெண்ட் முதலில் வாயைத் திறந்தார். "அடடே! படிப்பகம் தெறக்கறோம்னீங்க, கல்யாணத்தையே முடிச்சிப்புட்டீங்க. சாப்பாடு உண்டாய்யா?"

அவரோடு வந்தவர்கள் சிரித்தார்கள். அவள் அப்பா எழுந்து நின்றார். முன்வரிசையில் இருந்த அத்தை, அதாவது அவளுடைய வருங்கால மாமியார், முகம் கறுத்துப்போய் வெற்றிலைப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அந்த அம்மாள் பந்தலைத் தாண்டிவிட்டால் கல்யாணம் போச்சு, அவள் பெயரும் போச்சு. மைக் என் கையில்தான் இருந்தது.

அவள் மைக்கை என் கையிலிருந்து வாங்கினாள். மாலையைக்கூடக் கழற்றவில்லை.

"மாலை மாத்திக்கிட்டா கல்யாணம்தான். ஆனா ரெண்டு பேரும் சம்மதிச்சு மாத்திக்கணும். இவரு என்னைக் கேக்கவும் இல்ல, நான் சம்மதிக்கவும் இல்ல. மரியாதைக்குப் போட்டாரு, மரியாதையா வாங்கிக்கிட்டேன்." பிறகு ஓரத்தில் நின்றவர் பக்கம் திரும்பினாள். "ஏஜெண்டய்யா, எலெக்சன் கூட்டத்துல உங்களுக்கு நாலு பேரு மாலை போட்டாங்க. நீங்களும் திருப்பிப் போட்டீங்க. அந்த நாலு பேரையும் வீட்டுக்குக் கூட்டிக்கிட்டா போனீங்க?"

பந்தலே குலுங்கியது. ஏஜெண்டோடு வந்தவர்களாலேயே சிரிப்பை அடக்க முடியவில்லை.

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. நின்றபடியே கேட்டார். "அப்ப எம்மவன் மாலையோட வந்தாலும் ஒங்கிட்ட சம்மதம் கேக்கணுமாடி?"

"கேக்கட்டுமே அத்தே. கேட்டா சொல்லமாட்டேனா?"

அந்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வாயப் பாரு கழுதைக்கு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்து வெற்றிலைப் பையைப் பிரித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

விஷயம் புரிந்ததும் வெள்ளைக்காரர் வெலவெலத்துப் போனார். மறுநாள் காலையிலேயே மன்னிப்புக் கேட்கக் கிளம்பினார். அப்பாவிடம் கேட்டால் போதும், பெண்ணிடம் நேரே பேசுவது முறையில்லை என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "தவறு இழைத்தது அப்பெண்ணுக்கு. மன்னிப்பை எப்படித் தந்தையிடம் கேட்பது?" என்றார். நானும் கூடவே போனேன்.

வாசலுக்கு வெளியே, வெயிலில், அவள் பெற்றோர் பார்த்திருக்கக் கைகூப்பி நின்று, "அறியாமல் தங்களுக்குத் தீங்கு செய்தேன். பொறுத்தருள்க" என்றார். அவள் அந்தத் தமிழைக் கேட்டுச் சிரித்துவிட்டாள்.

"பரவால்லைங்க. ஒங்களுக்கு எங்க வழக்கம் தெரியாது." அதோடு விடவில்லை, என் பக்கம் திரும்பினாள். "ஆனா நீங்க இந்த ஊருக்காரருதானேண்ணே? அப்பாகிட்ட கேட்டீங்க. மாலை போட எனக்கு இஷ்டமான்னு எங்கிட்ட கேட்டீங்களா? கேட்டிருந்தா, மாலைய யாராச்சும் போடட்டும்ணே, நான் நாலு வார்த்தை பேசறேன்னு சொல்லியிருப்பேன்."

அவ்வளவு நன்றாகப் பேசத் தெரிந்தவளை மேடையேற்றி, பேசாமல் மாலை மட்டும் போட்டுவிட்டு இறங்கச் சொன்னவன் நான். அதுவும் பெண் விடுதலை என்ற பெயரில்!

சொன்னபடி தையில் அவள் கல்யாணம் நடந்தது. இப்போது நான் எந்தக் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தாலும், யாருடைய பெயரையும் நோட்டீசில் போடுவதற்கு முன் அவரையே நேரில் பார்த்துக் கேட்டுவிடுகிறேன். அது ஒரு பெண்ணாக இருந்து, "என்னையா கேக்கறீங்க?" என்று அவர் ஆச்சரியப்படும்போதெல்லாம், என் முகம் இன்றும் கொஞ்சம் சுடத்தான் செய்கிறது.