சிரித்ததை நம்பியவள்

எங்கள் சுற்றுலா அலுவலகத்தின் வழிகாட்டியை எல்லோரும் ‘மைக் அக்கா’ என்றுதான் கூப்பிடுவோம். மைக் இல்லாமலே கோட்டையின் அடிப்படியிலிருந்து உச்சிப்படி வரை கேட்கும் குரல். பதினெட்டு வருடம் அந்தக் குரலை முதுகுப்பக்கம் வைத்துக்கொண்டு வேன் ஓட்டியவன் நான். என் காது இன்னும் வேலை செய்வதே அதிசயம்.

வெளிநாட்டுத் தம்பதிகள் வண்டியில் ஏறியதும் அவர்கள் மொழியில் ஒரு பாடம் நடத்துவாள். நம் பேச்சில் சொன்னால் இவ்வளவுதான்: “புருஷன் பொண்டாட்டியா இருந்தாலும் இங்க தெருவுல கை கோக்கக் கூடாது. தோள்ல கை போடக் கூடாது. முத்தமா? மூச்! உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது.”

ஆனால் பெண்ணும் பெண்ணும் கை கோத்துப் போனால் எங்கள் ஊர் திரும்பிக்கூடப் பார்க்காது. ஆணும் ஆணும் போனாலும் அப்படித்தான். அதனால் கூட்டமான சந்தையிலும் வழுக்கும் படிகளிலும் மனைவியின் கையை அக்கா பிடித்துக்கொள்வாள், கணவனை என்னிடம் தள்ளிவிடுவாள். ஆறடி மனிதர்களின் வியர்த்த கையைப் பிடித்துக்கொண்டு நான் நடந்த கூத்தை யாரிடம் சொல்லி அழ?

அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. வாடகை அறை, ஒற்றைக் கட்டில், ஜன்னலில் ஒரு துணிக்கொடி. வீட்டில் அவள் கையைப் பிடிக்க யாருமில்லை. இதைச் சொன்னால் அடிக்க வருவாள், ஆனாலும் உண்மை அதுதான்.

ஒரு மழைக்காலத்தில் ஒரு வெளிநாட்டுத் தம்பதி வந்தார்கள். மனைவிக்கு அக்கா வயதுதான் இருக்கும். முதல் நாள் சந்தையில் நாலு பேர் இடிக்க வந்தபோது அக்கா அவள் கையைப் பற்றி இழுத்துக்கொண்டாள். பிறகு ஆறு நாளும் விடவில்லை. அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டே வந்தாள். நாலாம் நாள் வேனில் என்னிடம், “தம்பி, எனக்கு ஒரு தங்கச்சி கெடைச்சிருக்காடா,” என்றாள் அக்கா. கேலி செய்ய வாயெடுத்தவன், முகத்தைப் பார்த்துவிட்டு அடங்கிவிட்டேன்.

கடைசி நாள் ரயில் நிலையத்தில், அத்தனை பேர் பார்க்க, அந்த அம்மாதான் அக்காவைக் கட்டிப்பிடித்தாள். அக்காவுக்கு ஒரே கூச்சம். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் மரம் மாதிரி நின்றாள். பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றடி தூரத்தில் நின்று நான் பார்த்தேன்.

பெண்கள் குழுக்களுக்குத் தலைமை வழிகாட்டி ஒருவரை முதலாளி தேடிக்கொண்டிருந்தார். இந்தத் தம்பதி நல்லபடியாக எழுதினால் அந்த வேலை அக்காவுக்குத்தான் என்று சொல்லியிருந்தார். இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. எங்கள் இருவரையும் மேஜை முன் நிற்க வைத்து முதலாளி படித்தார். ‘உங்கள் வழிகாட்டி என்னைக் கேட்காமலே ஆறு நாளும் என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். மரியாதைக்காகச் சிரித்துப் பொறுத்துக்கொண்டேன். கடைசியில் ரயில் நிலையத்தில் எல்லோர் முன்னாலும் கட்டிப்பிடிக்க வேறு செய்தார்.’

அக்காவின் குரல் முதல் தடவையாக, பக்கத்தில் நின்ற எனக்கே அரைகுறையாகக் கேட்கும் அளவுக்கு இறங்கியது. “அவங்கதான் சார் கட்டிப்பிடிச்சாங்க.”

முதலாளி என் பக்கம் திரும்பினார். “நீ பாத்தியா? யாரு யாரைக் கட்டிப்பிடிச்சது?”

என் ஒப்பந்தத்தை அடுத்த வாரம் புதுப்பிக்க வேண்டும். வாடிக்கையாளரைப் பொய் சொல்கிறவர் என்று சொன்னால் முதலாளிக்குப் பிடிக்காது. கழுவுற மீனில் நழுவுற மீனாக, “பெட்டி ஏத்திக்கிட்டு இருந்தேன் சார், கவனிக்கல,” என்றேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதிக் குடும்மா,” என்றார் முதலாளி. அங்கேயே நின்றபடி எழுதினாள். ‘நீங்கள் சிரித்ததை நம்பிவிட்டேன். மன்னிக்கவும்.’ படித்துவிட்டு, “இது மன்னிப்பா, குத்தலா?” என்று சீறினார் அவர். “நடந்தது சார்,” என்றாள். தலைமை வேலை, சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத ஒரு பெண்ணுக்குப் போனது.

வெளியே வந்து நான் வேன் கதவைத் திறந்தேன். அக்கா ஏறவில்லை.

“அவ வெளிநாட்டுக்காரி. நம்ம வழக்கம் தெரியாது, போய்த் தொலையட்டும்,” என்றாள். “பாத்தேன்னு நீ சொல்லியிருந்தா உன் வேலை போயிருக்குமா?”

“தெரியலக்கா.”

“எனக்குத் தெரியும். போயிருக்காது.” பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

போயிருக்காது என்பது மேஜை முன் நின்றபோதே எனக்கும் தெரியும்.