பங்காளி நீட்டிய சிகரெட்

சின்னசேலம் பக்கம் எங்கள் கரும்பு வயலில், பெரியப்பா மகனோடு எனக்கு வரப்புத் தகராறு. ஆனாலும் டீக்கடையில் அவர் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தால் எனக்கும் ஒன்று நீட்டுவார். நல்ல மனசு என்று நம்பினேன்.

கல்வராயன் மலைக்கோயில் திருவிழாவுக்கு ஏறியபோது, மூச்சு முட்டிப் பாறை மறைவில் உட்கார்ந்துவிட்டேன். அது தெரியாமல், பின்னால் ஏறி வந்த அவர் பாறைக்கு அந்தப் பக்கம் நின்று தன் மச்சானிடம் சொன்னார்:

"இருமிக்கினே கெடக்கிறான், ரெண்டு வருஷம் தாங்கமாட்டான். அதுக்குத்தான் சிகரெட்டா குடுத்துக்கினு இருக்கேன். அவன் போய்ட்டா வரப்பு நம்முளுது."

சட்டைப்பையில் இருந்த பாக்கெட்டை அங்கேயே கசக்கி எறிந்தேன். அதன்பின் ஆசை வரும்போதெல்லாம் வரப்பில் போய் நின்று அவர் வீட்டையே முறைப்பேன். ஆசை அடங்கிவிடும்.

இப்போது டீக்கடையில் அவர் சிகரெட்டுக்கு நான்தான் தீக்குச்சி கிழிக்கிறேன்.

"பொறுமையா இழுங்கண்ணா. வரப்பு எங்கயும் போவாது, நானும் போவமாட்டேன்."